கொட்டகைப் பலகையில் ஒரு பொய் வாத்து

சாம்பல் நிறத்துக்காகத்தான் அந்தப் பழைய கொட்டகைப் பலகைகளைக் கொண்டுவந்தேன். நூறு வருஷ வெயிலும் மழையும் சேர்ந்து ஏற்றிய வெள்ளிச் சாம்பல், விரலை வைத்தால் ரேகைக்கு ரேகை மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படும். அதை அப்படியே நான் செதுக்கும் மர வாத்தின் முதுகில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. இழைப்புளியை வைத்து ஒரே ஒரு தள்ளு தள்ளினேன். சாம்பல் சுருண்டு தரையில் விழுந்தது. அடியில் தேன் நிறத்தில் மரம், நேற்று அறுத்தது மாதிரி, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

ஒரு நூல் ஆழம்கூட இல்லை அந்தச் சாம்பல். யோசித்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் மரத்தை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது, மிஞ்சுகிற நார்தான் அந்த நிறம். பைன் மாதிரி மென்மரத்தில்கூட இப்படித் தேய்ந்து போவது நூறு வருஷத்துக்குச் சுமார் 6 மில்லிமீட்டர்தான் என்கிறார்கள். மேசை செய்கிறவனுக்கு அது போதும், பலகையின் முகத்தை அப்படியே விட்டுவிட்டு மேலே மெழுகு தடவிவிடலாம். வாத்துக்குக் கண்ணில் படுகிற எந்தப் பக்கமும் தட்டை கிடையாது. செதுக்குவது என்றாலே வெளியில் இருப்பதை எடுத்துப் போடுவது. நான் எதற்கு ஆசைப்பட்டேனோ அதுதான் முதலில் குப்பைக்குப் போகிறது.

இது என்ன பொழுதுபோக்கு என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், செசபீக் விரிகுடாவின் தலைப்பக்கம், சஸ்குவஹானா ஆறு வந்து சேருகிற இடத்துக்குப் பக்கம். இங்கே ஹேவர் டி கிரேஸ் என்று ஒரு சின்ன ஊர், அங்கே டிகாய்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. டிகாய் என்றால் மரத்தில் செய்த பொய் வாத்து. வேட்டைக்காரர்கள் இதைத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள், மேலே பறக்கும் வாத்துகள் ‘நம்ம ஆட்கள் இறங்கியிருக்கிறார்கள், இடம் பத்திரமானது’ என்று நம்பிக் கீழே வரும். நம் பழந்தமிழிலும் இதற்கு ஒரு அருமையான சொல் இருக்கிறது: பார்வை. வேடன் பழக்கி வைத்து, தன் இனத்தை இழுக்கக் கட்டிப்போடும் மானுக்கும் பறவைக்கும் அதுதான் பெயர். அமெரிக்காவிலும் உயிருள்ள வாத்துகளைப் பார்வையாகக் கட்டும் பழக்கம் இருந்தது, 1935இல் அரசாங்கம் தடை செய்தது. மரப் பார்வைக்குத் தடை இல்லை. இதை வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்ததாகவும் நினைக்க வேண்டாம். நெவாடாவில் லவ்லாக் குகையில் 1924இல் கோரையால் பின்னிய வாத்துகள் கிடைத்தன, சுமார் 2000 வருஷம் பழையவை, பூர்வகுடிகள் செய்தவை. ஈரம் இல்லாத குகை என்பதால் மட்காமல் இருந்திருக்கின்றன.

நான் வேட்டைக்குப் போகிறவன் இல்லை. செதுக்குவது மட்டும்தான். ஒரு குளிர்காலத்தில் அந்த அருங்காட்சியகத்தில் ஒரு கேன்வாஸ்பேக் வாத்தைப் பார்த்தேன், செந்தலை, வெள்ளை முதுகு, நெற்றியிலிருந்து அலகு வரை ஒரே சரிவு. அன்று பிடித்தது.

இந்தக் கலையில் மரம் விஷயத்தில் யாரும் பெரிய ஆசாரம் பார்த்ததில்லை என்பதுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது. நல்ல மரம் என்று எல்லோரும் சொல்வது வெள்ளை சீடர். எடை குறைவு, தண்ணீருக்கு அஞ்சாது, கத்திக்கு வெண்ணெய் மாதிரி. ஆனால் கிடைக்காதபோது கையில் எது அகப்பட்டதோ அதில்தான் செய்திருக்கிறார்கள்: பழைய கம்பம், வேலிக்கால், கார்க். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ராணுவத்தில் மிச்சமான உயிர்காப்பு மிதவைகளிலிருந்து பால்சா மரம் கிடைத்தது, அதையும் விடவில்லை. ஆக, இடிக்கிற கொட்டகையிலிருந்து பலகை எடுப்பதில் புதுமை ஒன்றும் இல்லை. மரத்தின் வயசுக்காக எடுப்பதுதான் புதுசு, அந்தக் காலத்து ஆள் பார்த்தால் சிரிப்பான்.

எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு பெரியவரின் பண்ணை. அவருடைய தாத்தா காலத்துக்கும் முந்தைய கொட்டகை, கீழே மாடு, மேலே வைக்கோல். நான் பார்த்த நாளிலிருந்தே அது ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றது, ஒவ்வொரு பனிக்காலமும் இந்த வருஷம் விழுந்துவிடும் என்று ஊரே சொல்லும், விழாது. கடைசியில் அவரே ஆள் வைத்துப் பிரித்தார். நல்ல உத்தரங்களையெல்லாம் பழைய மரம் வாங்குகிறவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். ஓரத்தில் கிடந்த பலகைகளைக் காட்டி “உனக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள், வாத்து செய்தால் எனக்கு ஒன்று கொடு” என்றார். இரண்டு நடை காரில் ஏற்றினேன். வீட்டில் என்ன சொன்னார்கள் என்பது இங்கே வேண்டாம்.

முதல் வாத்து தோல்வி. அது என்ன மரம் என்று பார்க்காமலேயே அறுத்துவிட்டேன். கெட்டி மரம் என்று கைக்குத் தெரிந்தது, உளி முனை மழுங்கிக்கொண்டே வந்தது, ‘பழைய மரம், வைரம் பாய்ந்திருக்கிறது’ என்று நானே பெருமைப்பட்டுக்கொண்டேன். வெள்ளை ஓக் அது. தண்ணீரின் எடை ஒன்று என்றால் காய்ந்த வெள்ளை ஓக் கிட்டத்தட்ட முக்கால். சீடர் அதில் பாதி இருக்கும். கணக்கைப் போட்டால் விளங்கிவிடும்: ஓக்கில் கெட்டியாகச் செய்த வாத்தின் உடம்பில் முக்கால் பங்கு தண்ணீருக்குள். குளியல் தொட்டியில் போட்டுப் பார்த்தேன். தலையும் முதுகின் நடுவரையும் மட்டும் வெளியே தெரிந்தன. வாத்து மாதிரி இல்லை, முதலை மாதிரி இருந்தது. அது இப்போது கதவு சாத்தாமல் இருக்க முட்டுக்கொடுக்கப் பயன்படுகிறது, அந்த வேலைக்கு ஓக்கை மிஞ்ச ஆள் கிடையாது.

அதற்கப்புறம் ஒவ்வொரு பலகையின் தலைப்பையும் இரண்டு அங்குலம் அறுத்துத் தள்ளி, கூரான கத்தியால் ஒரு சீவு சீவி, எச்சில் தொட்டு ஈரமாக்கிப் பார்க்கிற பழக்கம் வந்தது. பைன் உடனே தெரிந்துவிடும், பிசின் வாசனை நூறு வருஷம் கழித்தும் அப்படியே எழும்பும். ஹெம்லாக்கும் மென்மரம்தான், ஆனால் சிராய் சிராயாகப் பிய்யும், செதுக்குகிறவனுக்கு அது ஒரு தண்டனை, விரலில் ஏறினால் மூன்று நாள் நினைவிருக்கும். ஓக்கில் வெட்டுமுகத்தின் நடுவிலிருந்து வெளியே கதிர்கதிராகக் கோடுகள் ஓடும், கண்ணாடி இல்லாமலேயே தெரியும்.

ஐந்து பலகைகளில் அந்தக் கோடு இல்லை. ஆண்டு வளையங்கள் ஓக் மாதிரியே, துளைகள் ஓக் மாதிரியே, தூக்கினால் மட்டும் லேசு. கொஞ்ச நேரம் புரியவில்லை. அப்புறம்தான் பொறி தட்டியது: செஸ்ட்நட். அமெரிக்கச் செஸ்ட்நட்.

இந்த மரத்தின் கதை தெரியாதவர்களுக்கு அந்த நிமிஷம் என் கை ஏன் நடுங்கியது என்று புரியாது. ஒரு காலத்தில் கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைக்காடுகளில் எங்கே பார்த்தாலும் இது நின்றது. வேலி, கொட்டகை, தண்டவாளக் கட்டை, தொட்டில், சவப்பெட்டி வரை எல்லாம் இதில்தான். 1904இல் நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக் காட்சிசாலையில் சில மரங்கள் பட்டுப்போவதைக் கவனித்தார்கள். ஆசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சை. நாற்பது ஐம்பது வருஷத்துக்குள் 300, 400 கோடி மரங்கள் போயின என்று கணக்கு சொல்கிறார்கள். வேர் இன்னும் சில இடங்களில் உயிரோடு இருக்கிறது, துளிர் விடுகிறது, கொஞ்சம் வளர்ந்ததும் பூஞ்சை வந்து மறுபடி சாய்த்துவிடுகிறது. அதனால் இன்றைக்குப் பெரிய செஸ்ட்நட் பலகை வேண்டும் என்றால் கடையில் புதுசாகக் கிடைக்காது, யாராவது பழைய கட்டடத்தைப் பிரிக்க வேண்டும். செதுக்கவும் நல்ல மரம். தண்ணீரில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான எடை, எளிதில் மட்காது, உலர்ந்து உலர்ந்து இனிமேல் நெளிய வேண்டியது எதுவும் பாக்கி இல்லை. சாம்பல் போனதற்கு ஆறுதலாக இது கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆணி. இதைப் பற்றி எழுதாமல் விடமுடியாது, ஏனென்றால் இதற்குத்தான் அதிகச் செலவு ஆனது. காந்தம் வைத்துத் தடவிவிட்டு எல்லாம் எடுத்தாயிற்று என்று நினைத்து பேண்ட் சாவில் விட்டேன். பட் என்று ஒரு சத்தம், நாடா ரம்பம் அறுந்து உள்ளே சுருண்டுகொண்டது. தலை உடைந்து உள்ளேயே தங்கிய ஒரு ஆணி, ஆழத்தில். இப்போது சுவரில் மறைந்திருக்கும் கம்பியைத் தேடுகிற சின்ன உலோகங்காணியைத்தான் நம்புகிறேன், அதுவும் இரண்டு பக்கமும் வைத்து, பொறுமையாக. எடுத்த ஆணிகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் சதுர ஆணி, தகட்டிலிருந்து இயந்திரத்தில் வெட்டியவை. மிச்சம் உருண்டைக் கம்பி ஆணி. கம்பி ஆணி பரவலானது 1890ஐ ஒட்டித்தான், ஆகவே கொட்டகை அதற்கு முன்னால் எழுந்திருக்க வேண்டும், உருண்டை ஆணிகள் பிற்பாடு பழுது பார்த்தவர்கள் அடித்தவை. பெரியவர் சொன்ன தாத்தா கணக்கும் ஒத்துப்போகிறது.

ஆணி போன பிறகு அந்த ஓட்டையைப் பாருங்கள். சுற்றிலும் மசி ஊற்றினாற்போல் நீலக்கறுப்பு, அதிலிருந்து ரேகையோடு ரேகையாக மேலேயும் கீழேயும் ஒரு அங்குலம் வால் நீண்டிருக்கும், மெழுகுவர்த்திச் சுடரைப் படுக்கவைத்த மாதிரி. மரத்தில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் கலந்தால் வருகிற நிறம், பழைய காலத்தில் எழுதும் மையே இதே கலவையில்தான் செய்தார்கள். சாம்பல் மாதிரி இது மேலோட்டம் இல்லை, ஆணி போன ஆழம் முழுக்க உள்ளே இறங்கியிருக்கிறது. செதுக்கச் செதுக்கக் கூடவே வரும். கொட்டகை உள்ளே விட்டுப்போன கையெழுத்து என்றால் இதுதான், வெளியே தெரிந்த சாம்பல் இல்லை.

இரண்டு எச்சரிக்கை மட்டும் சுருக்கமாக. சிவப்புச் சாயம் ஒட்டியிருக்கும் பலகையை உப்புத்தாளில் தேய்க்காதீர்கள். அமெரிக்காவில் வீட்டுச் சாயத்தில் ஈயத்தைத் தடை செய்தது 1978இல்தான், அதற்கு முந்தையது எதையும் நம்ப முடியாது. மருந்துக் குச்சி வைத்துப் பார்க்கிற சோதனை இருக்கிறது, என் பலகைகளில் ஒன்று சிவந்தது, அதை அப்படியே தனியாக ஒதுக்கிவிட்டேன். சாயம் இல்லாவிட்டாலும் முகமூடி இல்லாமல் மரத்தூளில் நிற்க வேண்டாம், ஓக் தூள் மூக்குக்கும் நுரையீரலுக்கும் நல்லதில்லை.

இன்னொன்று உளுப்பு. இதில் நான் பாடம் படித்தது கொஞ்சம் அவமானமாக. ஒரு குட்டிக் கிளுவை வாத்து செய்து, சாயம் பூசி, புத்தக அலமாரியில் வைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்துத் துடைக்கப் போனால் அதன் வயிற்றுக்குக் கீழே கோதுமை மாவு மாதிரி ஒரு சின்னக் குவியல். ஊதிவிட்டேன். மறுநாள் மறுபடி குவியல். சாயத்தைத் துளைத்துக்கொண்டு குண்டூசித் தலை அளவில் இரண்டு ஓட்டை. உள்ளே வண்டு சாப்பாட்டை முடித்துவிட்டு வெளியே வந்திருக்கிறது. அந்த அலமாரியும் மரம்தான், அதைச் சொல்லி எனக்கு விழுந்த திட்டு தனிக்கதை. சர்வதேசச் சரக்குக்குப் பயன்படும் மரப்பெட்டிகளுக்கு ஒரு விதி உண்டு, மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் சூடு ஏறி 30 நிமிஷம் நிற்க வேண்டும் என்று. இப்போது எந்தப் பலகையும் மரம் அறுக்கிற ஆலையில் உலர்த்தும் அறைக்குப் போய் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டுதான் என் பட்டறைக்குள் வரும்.

சரி, வாத்துக்கு வருவோம். பலகை ஒரு அங்குல கனம், வாத்தின் உடம்புக்கு நாலு அங்குலமாவது வேண்டும். நாலு பலகையை அடுக்கி ஒட்ட வேண்டியதுதான். ஒட்டுவதில் ஒரு வசதி, நடு இரண்டு பலகைகளின் உள்பக்கத்தை முன்பே வெட்டி எடுத்துவிடலாம், குடைகிற வேலை மிச்சம், வாத்து லேசாகிறது. ஆனால் சாம்பல் முகத்தில் பசை பிடிக்காது, அது செத்த நார், பசையோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். ஆகவே ஒட்டுகிற முகங்களையெல்லாம் நல்ல மரம் தெரியும் வரை இழைக்க வேண்டும். மேலே முதுகு செதுக்கலில் போய்விடுகிறது, பக்கங்களும் போய்விடுகின்றன. எல்லாம் கழித்துப் பார்த்தால் ஒரே ஒரு முகம் மிச்சம்: அடி. தண்ணீரில் உட்காருகிற தட்டையான அடிவயிறு. அதை இழைக்கவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். அங்கே அந்தச் சாம்பலை அப்படியே விட்டுவிட்டேன், ரம்பத்தின் பழைய பல் தடம், ஒரு கணு, இரண்டு ஆணி ஓட்டை எல்லாவற்றோடும்.

தலையை மட்டும் பைனில் செய்தேன். செஸ்ட்நட் ரேகையோடு பிளக்கிற மரம், மெல்லிய அலகுக்கு ஒத்துவராது, ஒரு தட்டுப் பட்டால் போய்விடும். ரேகை அலகின் நீளத்தோடு ஓட வேண்டும், கழுத்தின் நீளத்தோடு இல்லை, இதைத் தலைகீழாகச் செய்து இரண்டு அலகை உடைத்தவன் சொல்கிறேன். பழைய பொய் வாத்துகளில் அலகு உடைந்து மாற்றியவை நிறைய இருப்பதைப் பார்த்தால் எனக்கு மட்டும் நேர்ந்தது இல்லை என்று சமாதானம்.

அப்புறம் சாயம். இங்கேதான் நண்பர்களோடு சண்டை. ‘நூறு வருஷச் செஸ்ட்நட், அதன் மேல் சாயம் பூசுவாயா, எண்ணெய் தடவி அப்படியே விடு’ என்று எல்லோரும் ஒரே குரலில். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சாயம் இல்லாத வாத்து மரத்தைக் காட்டுகிற பொம்மை. பொய் வாத்து என்பது வானத்திலிருந்து பார்க்கிற ஒரு பறவையை ஏமாற்றப் பிறந்தது, வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் மனிதனைக் கவர இல்லை. கறுப்பு மார்பு, வெள்ளை முதுகு, பளபளப்பு இல்லாத எண்ணெய்ச் சாயம், பளபளத்தால் வெயிலில் மின்னி வாத்துகள் சந்தேகப்படும். நான் வேட்டைக்குப் போகாவிட்டால் என்ன, செய்கிற பொருள் தன் வேலைக்குத் தகுதியாக இருக்க வேண்டும். பூசிவிட்டேன். ஆணி ஓட்டையின் நீலக்கறுப்பு மட்டும் வெள்ளை முதுகில் லேசாக ஊறி மேலே வந்திருக்கிறது, டானினை மறைக்கிற அடிச்சாயம் பூசாத என் சோம்பேறித்தனம். பார்க்க நன்றாகவே இருக்கிறது, விட்டுவிட்டேன்.

கடைசியாக ஒரு விஷயம், இது விளையாட்டில்லை. பழைய மரத்தில் புது வாத்து செய்கிறவன் எல்லோரும் அடியில் பெயரும் வருஷமும் போட வேண்டும். மசாசூசெட்ஸ்காரர் எல்மர் குரோவல் செய்த இரண்டு பறவைகள், ஒரு ஊசிவால் வாத்தும் ஒரு கனடா கூஸும், 2007இல் தலா 11.3 லட்சம் டாலருக்கு விற்றன. அவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் போலி வராமல் இருக்குமா? போலி செய்கிறவனுக்கு முதல் தேவையே பழைய மரமும் பழைய ஆணியும்தான், இரண்டும் என் பட்டறையில் டப்பா டப்பாவாக இருக்கின்றன. என் கை அவ்வளவு திறமையானது இல்லை என்பது வேறு விஷயம். மேரிலாந்திலேயே கிரிஸ்ஃபீல்டு ஊரில் முடிதிருத்திக்கொண்டே வாத்து செதுக்கிய லெம் வார்டு, ஸ்டீவ் வார்டு சகோதரர்கள் தங்களை ‘மரத்தில் நீர்ப்பறவைப் போலி செய்பவர்கள்’ என்று பலகையே எழுதி மாட்டியிருந்தார்கள். பறவைக்குப் போலி செய்யலாம், அது தொழில். பழைய காலத்துக்குப் போலி செய்வது திருட்டு. சூட்டுக்கோலை எடுத்து அந்தச் சாம்பல் அடியில் என் பெயரையும் வருஷத்தையும், ‘கொட்டகைச் செஸ்ட்நட்’ என்பதையும் சுட்டேன். நூறு வருஷச் சாம்பலில் புதுக் கறுப்பு எழுத்து, கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. உறுத்தட்டும்.

வாக்குக் கொடுத்தபடி பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதுகை, சாயத்தை, நான் மூன்று வாரம் உயிரைக் கொடுத்துச் செய்த தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கவிழ்த்துப் பிடித்தார். அடியில் ஆணி ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு “மிதக்குமா?” என்றார். வீட்டுக்குப் பின்னால் குட்டையில் விட்டோம். மிதந்தது, ஆனால் அடியில் பளுவுக்குப் பொருத்திய ஈயம் நடுவில் இல்லைபோல, இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தது. கொடுங்கள், சரிசெய்து கொண்டுவருகிறேன் என்றேன்.

“வேண்டாம், இருக்கட்டும்” என்றார். “கொட்டகையும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தது.”